வெள்ளி அடைப்பு முப்பது வருடம் நிற்கிறது, புதிது நாலு வருடத்தில் விழுகிறது: ஏன்?

கோட்டையூரான்

எல்லோருக்கும் வணக்கம். ஆத்தாவுக்கு 66 வயது. கீழ்க் கடைவாயில் இரண்டு பக்கமும் வெள்ளி அடைத்த பற்கள் உண்டு. சென்னையில் குடியிருந்த காலத்தில் போட்டது, முப்பது வருடத்துக்கு மேல் இருக்கும். மேல் வரிசையில் பல் நிறத்தில் அடைத்தது ஒன்று, அதற்கு நாலு வருடம்கூட முடியவில்லை. போன வாரம் கல்யாண வீட்டிலிருந்து வந்த பலகாரத்தில் சீப்புச் சீடையைக் கடித்தார், அடைப்பில் பாதி சீடையோடு வந்துவிட்டது.

காரைக்குடியில் ஒரு கிளினிக்கில் காட்டினோம். விழுந்ததைச் சரிசெய்வதோடு, "பழைய வெள்ளி எல்லாத்தையும் எடுத்துட்டுப் புதுசா போட்டுருவோம்" என்கிறார்கள். வெள்ளி அடைத்த பற்களில் ஆத்தாவுக்கு வலியும் இல்லை, கூச்சமும் இல்லை. புதிது விழுந்து பழையது நிற்பது எப்படி? தொந்தரவு கொடுக்காததைத் தொடத்தான் வேண்டுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தேவகோட்டை ரஸ்தா

சீடை மேல் பழியைப் போட்டு முடித்துவிடலாம் அண்ணே. எங்கள் வீட்டில் அதற்குப் பலியான பற்களைச் சேர்த்தால் ஒரு செட் கட்டலாம்.

பர்மா தேக்கு

பழைய காலத்துச் சாமான் நின்றது. இப்போது வருவதெல்லாம் கண்ணுக்கு அழகு, வேலைக்கு ஆகாது. வெள்ளியைத் தொடவே தொடாதீர்கள். எடுக்கச் சொல்வது ஆத்தாவின் பல்லுக்காக இல்லை, கிளினிக் வாடகைக்காக.

பல்லாங்குழி

நான் பல் மருத்துவர். இந்தப் பெயரை ஏன் வைத்துக்கொண்டேன் என்று சொல்ல வேண்டியதில்லை. வாயைத் திறந்து பார்க்காமல் உங்கள் ஆத்தாவின் பல்லுக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அடைப்புகள் எப்படிக் கெடுகின்றன என்பதைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

அடைப்பு விழுந்தால்தான் போச்சு என்று நினைக்கிறோம். விழாமல், உட்கார்ந்த இடத்திலேயே கெடுவதுதான் அதிகம். அடைத்த பொருளுக்குச் சொத்தை வராது, சுற்றியிருக்கிற பல்லுக்குத்தான் வரும். பல்லும் பொருளும் சேருகிற ஓரத்தில் மயிரிழை இடைவெளி விழுந்து, அங்கே அழுக்குப் படிந்து, நாம் சாப்பிடுகிற இனிப்பைக் கிருமிகள் அமிலமாக்கினால் அந்த ஓரத்திலிருந்து மறுபடி சொத்தை ஆரம்பிக்கும். அடைப்பை மாற்ற வேண்டி வருவதற்கு இதுதான் பெரிய காரணம். அடுத்தது உடைவது. அடைப்பும் உடையலாம், பல்லும் உடையலாம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பல் நிற அடைப்பு என்பது பிசினும் நுண்ணிய கண்ணாடித் தூளும் கலந்த கலவை. நீல விளக்கைக் காட்டினால் இறுகும். இறுகும்போது கொள்ளளவில் 2 முதல் 3 சதவீதம் சுருங்கும். சுருங்குகிற பொருள் ஓரத்தைப் பல்லிலிருந்து இழுக்கும். அதனால்தான் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் கனத்தில் அடுக்கடுக்காக வைத்து, ஒவ்வோர் அடுக்குக்கும் தனியாக விளக்குக் காட்டுகிறோம். அவசரத்தில் மொத்தமாக அப்பினால் மேலே கல்லாக இருக்கும், அடியில் அரைவேக்காடாக இருக்கும். ஒரே தடவையில் கனமாக வைப்பதற்கென்றே செய்த வகைகளும் இப்போது உண்டு, அது வேறு கதை.

சுருக்கத்தைவிடப் பெரிய எதிரி எச்சில். குழியில் அமிலம் தடவி, கழுவி, உலர்த்தி, ஒட்டுப் பசை பூசி, அப்புறம்தான் பொருளை வைக்கிறோம். அந்த நேரத்தில் நாக்கு ஒரு தடவை வந்து தொட்டுவிட்டுப் போனாலும், ஈறிலிருந்து துளி ரத்தம் கசிந்தாலும் ஒட்டுதல் போச்சு. அன்றைக்கு யாருக்கும் தெரியாது, பளபளவென்றுதான் இருக்கும். மேல் இரண்டாவது கடைவாய்ப் பல்லுக்கு நேரே கன்னத்தின் உள்பக்கம் தடவிப் பாருங்கள், சின்னதாக ஒரு முண்டு தட்டுப்படும். பெரிய உமிழ்நீர்ச் சுரப்பி ஒன்றின் வாய் அது. எச்சில் அங்கேயும் ஊறும். ஆத்தாவுக்கு விழுந்தது அந்தப் பக்கம் என்றால் ஆச்சரியமில்லை. பல்லை மட்டும் வெளியே விட்டு மற்ற இடத்தை மூடுகிற ரப்பர் ஷீட் போட்டு அடைத்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். நம் பக்கம் நிறைய இடங்களில் அதைப் போடுவதில்லை. நேரம் பிடிக்கும், நோயாளியும் மூச்சு முட்டுகிறது என்பார்.

வெள்ளிக்கு இந்தக் கூச்சமெல்லாம் கிடையாது, கொஞ்சம் ஈரம் இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். அது பல்லோடு ஒட்டுவதே இல்லை. குழியை உள்ளே அகலமாகவும் வாயில் குறுகலாகவும் குடைந்து பூட்டி வைக்கிறோம். நான் சிதம்பரம் ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரியில் படித்த நாளில் அதுதான் தினசரி வேலை, கை வலிக்க அமுக்கியிருக்கிறோம். ஆனால் அந்தப் பூட்டுக்காக நல்ல பல்லையும் வெட்ட வேண்டும். மிச்சமிருக்கிற சுவர் மெலிந்துவிடும். 60 வயதுக்கு மேல் வெள்ளி அப்படியே உட்கார்ந்திருக்கும், பக்கத்துச் சுவர்தான் ஒருநாள் பெயர்ந்து வரும்.

பர்மா தேக்கு அண்ணே, முப்பது வருடம் நின்றது மட்டும்தான் இப்போது கண்ணில் படுகிறது. பத்து வருடத்தில் போனது அந்த வாயில் இல்லை, பல்லே இருக்காது. வெள்ளிக்கு 10 முதல் 15 வருடம், பல் நிறத்துக்கு 7 முதல் 10 வருடம் என்று சராசரி சொல்வார்கள். சராசரியை வைத்து ஒரு பல்லுக்கு ஜாதகம் எழுத முடியாது.

பர்மா தேக்கு

டாக்டர் சொன்னால் சரி. வாடகை விஷயத்துக்குப் பதில் வரவில்லை என்பதையும் கவனித்தேன்.

பல்லாங்குழி

வாடகையும் உண்டு, மறுக்கவில்லை. அதனால்தான் "எல்லாத்தையும் எடுத்துருவோம்" என்று யார் சொன்னாலும் ஒவ்வொரு பல்லுக்கும் தனித்தனியாகக் காரணம் கேளுங்கள் என்கிறேன். அடைப்பு பழசாகிவிட்டது என்பது காரணமே இல்லை. ஓரம் கறுத்திருக்கிறது என்பதும் தனியாகப் போதாது. வெள்ளியைச் சுற்றிப் பல்லே சாம்பல் பூத்தாற்போலத் தெரியும், அது பெரும்பாலும் வெள்ளியின் சாயல்தான், சொத்தை இல்லை. பல் நிற அடைப்பின் ஓரத்தில் காப்பிக் கறை ஏறிப் பழுப்புக் கோடு தெரியும், அதுவும் பல சமயம் கறை மட்டும்தான்.

தேவையில்லாமல் எடுத்தால் நஷ்டம் பணத்தோடு போகாது. ஒவ்வொரு தடவை பழையதைக் குடைந்து எடுக்கும்போதும் நல்ல பல்லில் கொஞ்சம் கூடவே போகும். சின்ன அடைப்பு பெரிய அடைப்பாகும், அடுத்த தடவை நரம்பை நெருங்கும், அப்புறம் நரம்பை எடுக்கிற ரூட் கேனல், பல்லுக்கு உறை போடுகிற கேப், கடைசியில் பிடுங்கல். பல்லுக்கு எத்தனை தடவை தாங்கும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. ஓரத்தில் ஓரிடம் மட்டும் கெட்டிருந்தால் அந்த இடத்தை மட்டும் சுரண்டிச் சேர்த்து அடைக்கலாம். அதைக் கேட்டுப் பாருங்கள், நிறையப் பேர் கேட்பதே இல்லை.

கானாடுகாத்தான் கொத்து

நான் பழைய வீடுகளைப் பழுதுபார்க்கிற வேலையில் இருக்கிறேன். படிக்கப் படிக்க எங்கள் தொழிலையே எழுதியதுபோல இருக்கிறது. சுண்ணாம்புச் சுவரில் விரிசலுக்குச் சிமெண்ட் பூசுவார்கள். பூச்சு பாறையாக நிற்கும், வெயிலும் மழையும் மாறி மாறி வந்ததும் ஓரத்தில் விட்டுக்கொள்ளும், போகும்போது சுண்ணாம்பையும் பெயர்த்துக்கொண்டு போகும். பல்லிலும் சூடு, குளிர்ச்சிக்கு இப்படி ஆகுமா?

பல்லாங்குழி

ஆகும். சூட்டுக்குப் பல் விரிகிற அளவு வேறு, வெள்ளி விரிகிற அளவு வேறு. வெள்ளி ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். பிசின் கலவையும் பல்லைவிட அதிகம்தான். கொதிக்கக் கொதிக்கக் காப்பி, கையோடு ஐஸ் தண்ணீர் என்று வருடக்கணக்கில் போனால் அந்த ஓரம் தினமும் விரிந்து சுருங்குகிறது. ஒருநாளில் ஒன்றும் ஆகாது.

சிக்ரி ரிட்டயர்டு

சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில், உலோக அரிமானத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். காரைக்குடியில் மின்வேதியியல் தெரிந்த கிழவர்களுக்குப் பஞ்சமில்லை, அதில் நானும் ஒருவன். வெள்ளி அடைப்பைப் பற்றி டாக்டர் விட்ட ஒன்றைச் சேர்க்கிறேன்.

அதை வெள்ளி என்கிறோமே தவிர, எடையில் ஏறக்குறையப் பாதி பாதரசம். மிச்சம் வெள்ளி, வெள்ளீயம், செம்பு. வாய் என்பது உப்பும் ஈரமும் சேர்ந்த இடம், உலோகம் அரிக்காமல் இருக்குமா? ஆனால் அரித்து வருகிற கழிவு ஓரத்து இடைவெளியில் போய் அடைத்துக்கொள்ளும். தன் கசிவைத் தானே மூடுகிற பொருள் என்று சொல்லலாம். பழைய வெள்ளி நிற்பதற்கு இது ஒரு காரணம், பிசினுக்கு இந்தத் தந்திரம் தெரியாது. அந்தக் காலத்துக் கலவையில் வெள்ளீயமும் பாதரசமும் சேர்ந்த ஒரு பகுதிதான் முதலில் அரித்துப்போகும், ஓரமும் பொடிந்து விழும். 1960களில் செம்பைக் கூட்டிப் புதுக் கலவை வந்த பிறகு அது பெருமளவு போய்விட்டது.

இன்னொன்று. வெள்ளி அடைத்தவர்கள் மாத்திரை அட்டையைப் பல்லால் கிழிக்கும்போது சுரீர் என்று ஒன்று பாயும். அது நரம்புக் கோளாறு இல்லை. அலுமினியமும் வெள்ளி அடைப்பும் எச்சிலும் சேர்ந்தால் ஒரு சின்ன பேட்டரி. எங்கள் ஐயாவுக்கு ஒரு பல் தங்கம், எதிர்ப்பல்லில் வெள்ளி. வாயை மூடினால் "கசக்குதப்பா" என்பார், வீட்டில் யாரும் நம்பவில்லை.

செக்காலை மருமகள்

பாதி பாதரசம் என்று இவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறீர்களே! எனக்கு நாலு இருக்கிறது. ஐரோப்பாவில் தடையே செய்துவிட்டார்களாமே?

பல்லாங்குழி

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜனவரி முதல் புதிதாக வெள்ளி அடைப்பதில்லை, தவிர்க்க முடியாத மருத்துவக் காரணம் இருந்தால் மட்டும் விலக்கு. அதற்கு முக்கியக் காரணம் சுற்றுச்சூழலில் பாதரசம் சேர்வது. 2013இல் பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை வந்ததிலிருந்தே உலகம் முழுக்க இதைக் குறைத்துக்கொண்டு வருகிறார்கள். இந்தியாவும் கையெழுத்திட்டிருக்கிறது. இப்போது நானும் புதிதாக வெள்ளி போடுவதில்லை.

வாயில் ஏற்கெனவே இருக்கிற, நல்ல நிலையில் உள்ள வெள்ளியைப் பாதரசத்துக்குப் பயந்து எடுக்க வேண்டாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல் கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் போன்றோருக்குப் புதிதாகப் போட வேண்டாம் என்று சொன்னது. அப்போதும் நன்றாக இருப்பதை எடுக்காதீர்கள் என்றுதான் சொன்னது. குடைந்து எடுக்கிற நேரத்தில்தான் ஆவி அதிகமாக வெளியே வரும். எடுத்தே ஆக வேண்டும் என்றால் நிறையத் தண்ணீர் அடித்து, உறிஞ்சும் குழாயைப் பக்கத்திலேயே வைத்து, துண்டு துண்டாகப் பெயர்ப்பார்கள். நிம்மதியாக இருங்கள் ஆச்சி.

குன்றக்குடி பஸ்

சைடில் ஒரு கேள்வி. பல் வலி என்று போனபோது வெள்ளைச் சிமெண்ட் ஒன்று வைத்துவிட்டார்கள், வாயெல்லாம் கிராம்பு வாசம். வலி நின்றுவிட்டது. பிறகு நான் போகவில்லை. இப்போது அந்த இடத்தில் நாக்கு உள்ளே போகிறது.

பல்லாங்குழி

அது தற்காலிகம். துத்தநாக ஆக்சைடு பொடியைக் கிராம்பு எண்ணெயில் குழைத்தது, வலியை அடக்கி நாளைக் கடத்துவதற்கு மட்டும். சில வாரம், மிஞ்சினால் சில மாதம். வலி நின்றதால் பல் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை, நரம்பு செத்திருந்தாலும் வலி நின்றுவிடும். இந்த வாரமே போங்கள். ரூட் கேனல் செய்துவிட்டுக் கேப் போடாமல் திரிகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், பின்பல் பிளந்து வந்தால் பிடுங்குவதுதான் வழி.

ஆத்தங்குடி பூக்கல்

மாமியாருக்குப் பல்லின் கழுத்தில், ஈறை ஒட்டி அடைத்தது திரும்பத் திரும்ப விழுகிறது. அதற்குச் சீடை காரணமில்லை, அங்கே யாரும் கடிப்பதில்லையே?

பல்லாங்குழி

அந்த இடம் தனி ரகம். குழி ஆழமில்லாத சரிவு, பூட்டி வைக்க முடியாது, ஒட்டுதலை மட்டுமே நம்பி நிற்கிறது. கீழ் ஓரம் ஈறுக்குள் போய்விடும், அங்கே கசிவு நிற்காது. அழுத்திக் கடிக்கும்போது அழுத்தம் கழுத்துக்கும் போகும். சிராய்த்துத் தேய்க்கிற பழக்கம் இருந்தால் குழி வந்த காரணமே தீராமல் இருக்கிறது. பிரஷ்ஷை வாங்கிப் பாருங்கள், நார் வெளிப்பக்கம் விரிந்து துடைப்பம் மாதிரி இருந்தால் பதில் கிடைத்துவிட்டது. மெத்தென்ற பிரஷ்தான் வேண்டும்; செங்கல் பொடி, கரித்தூள் கூடாது. அந்த இடத்துக்குக் கண்ணாடி அயனோமர் சிமெண்ட் என்று ஒன்று உண்டு, பல்லோடு தானாகவே பிடித்துக்கொள்ளும், ஃபுளோரைடையும் கொஞ்சம் கொஞ்சமாக விடும். தேய்வதில் கொஞ்சம் மட்டம். வெற்றிலை பாக்குப் போடுகிறவரா? பாக்கை அரைத்து அரைத்தே பல் பாதியாகித் தேய்ந்தவர்களை இங்கே நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படியென்றால் பல்லோடு கன்னத்தின் உள்பக்கத்தையும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

தேவகோட்டை ரஸ்தா

தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறவர்களை விட்டுவிட்டீர்களே. என் அயித்தான் கடிக்கிற சத்தத்துக்கு அடுத்த பத்தியில் (தாழ்வாரத்தில்) படுத்திருக்கிறவன் எழுந்துவிடுவான்.

பல்லாங்குழி

அவர்களுக்கு எதை அடைத்தாலும் ஆயுள் குறைவுதான். ராத்திரிக்கு ஒரு தகடு செய்து மாட்டினால் அடைப்பும் பிழைக்கும், அடுத்த பத்திக்காரரும் தூங்குவார்.

கோட்டையூரான்

எல்லோருக்கும் நன்றி. மறுபடி போய் ஒவ்வொன்றாகக் காரணம் கேட்டோம். முதலில் கிளினிக் டாக்டருக்குப் பிடிக்கவில்லை. அப்புறம் எக்ஸ்ரே எடுத்து, திரையில் பெரிதாக்கிக் காட்டினார். இடப்பக்கம் கீழ் வெள்ளிக்கு அடியில், அடுத்த பல்லை ஒட்டிய பக்கம் ஒரு கறுப்பு நிழல் இருக்கிறது. ஆத்தாவைக் கேட்டால், "அந்த எடத்துலதான் கீரை மாட்டும், ஊக்கால எடுப்பேன்" என்கிறார். இத்தனை நாள் யாரிடமும் சொன்னதில்லை. வலப்பக்கம் ஓரம் கொஞ்சம் பொடிந்திருக்கிறது, அடியில் நிழல் இல்லை. அதைத் தேய்த்து மெருகேற்றிவிட்டு ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

இன்னொன்றும் கேட்டார்: வாய் உலர்கிறதா என்று. ஆத்தா பிரஷருக்கும் அலர்ஜிக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். ராத்திரி நாக்கு ஒட்டிக்கொள்கிறது என்று தலைமாட்டில் ஒரு டப்பா நிறையக் கல்கண்டு வைத்திருக்கிறார். ஒன்று கரைந்ததும் அடுத்தது.

பல்லாங்குழி

சீடையை விடுதலை செய்யுங்கள், குற்றவாளி டப்பாவில் இருக்கிறது.

எச்சில்தான் வாயின் காவல். அமிலத்தைக் கழுவுவதும், கரைந்த சுண்ணாம்புச் சத்தைப் பல்லுக்குத் திருப்பிக் கொடுப்பதும் அதன் வேலை. அலர்ஜி மாத்திரைகள் எச்சிலைக் குறைக்கும், சில பிரஷர் மாத்திரைகளும் அப்படித்தான். வாயின் pH அளவு (இது குறையக் குறைய அமிலம் கூடுகிறது) 5.5க்குக் கீழே இறங்கினால் பல்லின் மேற்பூச்சு கரையத் தொடங்கும். ஈறு இறங்கி வேர் வெளியே தெரிந்தால் அது இன்னும் முன்னாலேயே கரையும். தூங்கும்போது எச்சில் ஏற்கெனவே குறைவு, அந்த நேரத்தில் வாயில் கல்கண்டு என்றால் அடைப்பின் ஓரம் ராத்திரி முழுக்க அமிலத்தில் ஊறுகிறது. கல்யாணத்தில் மனகோலமும் கந்தரப்பமும் ஒரு வாய் சாப்பிட்டு எழுந்துவிடுவதைவிட இதுதான் கேடு. எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் பல்லுக்குக் கணக்கு.

இது மாறாமல் எந்தப் பொருளை வைத்து அடைத்தாலும் சில வருடத்தில் இதே கேள்வியோடு மறுபடி இங்கே வருவீர்கள். தலைமாட்டில் தண்ணீர் வையுங்கள், அடிக்கடி ஒரு மடக்கு. சர்க்கரை இல்லாத மிட்டாய் கிடைக்கிறது. மாத்திரையை மாற்ற முடியுமா என்று எழுதிக் கொடுத்த டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். ராத்திரி ஃபுளோரைடு பேஸ்ட் போட்டுத் தேய்த்து, துப்பிவிட்டு, வாயைக் கொப்பளிக்காமல் படுக்கச் சொல்லுங்கள். அந்த ஊக்கையும் வாங்கிவிடுங்கள், பல்லிடுக்கு பிரஷ் வாங்கிக் கொடுங்கள்.

இடப்பக்கத்தை எடுக்கத்தான் வேண்டும், அவர் சொன்னது சரி. கீரை மாட்டுகிற இடம், நிழல் தெரிகிற இடம் இரண்டும் ஒன்றுதான். பக்கத்துப் பல்லோடு இறுக்கமாகத் தொடும்படி அடைக்க வேண்டும், இல்லையென்றால் மறுபடி மாட்டும். சுவர் மெலிந்திருந்தால் அடைப்பை விட்டுவிட்டுக் கேப் போடச் சொல்லலாம், அதற்குச் சண்டை போடாதீர்கள்.

கோட்டையூரான்

ஆத்தா கல்கண்டைக் கொடுப்பாரா என்பது வேறு பஞ்சாயத்து. அடைத்த பிறகு எப்போது சாப்பிடலாம்?

பல்லாங்குழி

பல் நிறம் என்றால் விளக்குக் காட்டியதுமே இறுகிவிடும். மரப்பு தெளியும்வரை பொறுத்தால் போதும், கன்னத்தைக் கடித்துக்கொள்ளாமல் இருக்கத்தான். வெள்ளிக்கு ஒருநாள் அந்தப் பக்கம் கடிக்கக் கூடாது என்பது பழைய விதி. முடித்ததும் நீலக் கார்பன் தாள் வைத்துக் கடிக்கச் சொல்வார்கள். மரத்த வாயால் "சரியா இருக்கு" என்று தலையாட்டிவிட்டு வந்துவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். மறுநாள் அந்தப் பல் மட்டும் முதலில் இடித்தால் உயரம் கூடியிருக்கிறது, போனால் இரண்டு நிமிடத்தில் தேய்த்துவிடுவார்கள். அதைப் பொறுத்துக்கொண்டு இருப்பதால் உடைகிற அடைப்புகள் உண்டு. ஜில்லென்ற கூச்சம் சில நாள் இருக்கலாம், ராத்திரி தானாக வலித்து எழுப்பினால்தான் கவலை.

செக்காலை மருமகள்

செலவுக்கு யோசிக்கிறவர்களுக்கு: அரசு மருத்துவமனையில் பல் பிரிவு உண்டு. புதுக்கோட்டையில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது, காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் போய் வரலாம். மாணவர்கள் மெதுவாகத்தான் செய்வார்கள், அரைநாள் போய்விடும்.

பல்லாங்குழி

மெதுவாகச் செய்வது இந்த வேலைக்கு நல்லதுதான் ஆச்சி, பக்கத்தில் ஆசிரியரும் நின்று பார்ப்பார். எங்கே செய்தாலும் எக்ஸ்ரேயை போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து வலப்பக்கத்தை வேறு டாக்டர் பார்த்து "எடுத்துருவோம்" என்றால், பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் வைத்துத்தான் பேச முடியும்.